மாப்பிள்ளைக்கு இருபத்தேழு நிமிஷ அவசரம்

எடைக்காரருக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருஷம் லாரிகளை எடை போட்டுப் பிழைத்த மனுஷன். தொட்டி நிறையத் தண்ணீரோடு வந்து, எடை போட்டதும் அடுத்த தெருவில் திறந்துவிட்டுப் போகிறவனைப் பார்த்தவர். தார்ப்பாய்க்கு அடியில் ரெண்டு ஆட்களைப் படுக்கவைத்து எடையை ஏற்றிக்கொண்டவனையும் பார்த்தவர். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மிச்சத்தை லாரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதில் அவர் கற்றது ஒன்றுதான். ஒரே லாரி ரெண்டு எடை காட்டினால், நடுவில் எவனோ ஏறியிருக்கிறான், அல்லது எவனோ இறங்கியிருக்கிறான். லாரி பொய் சொல்லாது. அதனால் எடை மேடைச் சுவரில், 'டிரைவர் இறங்கிய பிறகே எடை போடப்படும்' என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். ஒரு எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் ஒருத்தனும் இறங்காமல் போனதில்லை.

இப்பேர்ப்பட்ட ஆள் மனசைக் கொடுத்தது பழைய வாட்சுகளுக்கு.

பேட்டரி வாட்ச் வந்த புதிதில், சாவி கொடுக்கிற வாட்சை எல்லாரும் தூக்கி எறிந்தார்கள். பழைய சாமான் லாரிகள் இவர் மேடைக்கு வரும். தகர டப்பாக்களில் பட்டன், ஆணி, கதவுத் தாழ்ப்பாளோடு தங்க வாட்சும் கிடக்கும். இரும்பு விலைக்கு எடுத்து வைத்தார். இப்போது ஒன்பது இருக்கிறது. ஒவ்வொன்றும் சுவிஸ் சரக்கு, அறுபது எழுபது வயசு ஆனது, பணக்காரன் கண்ணில் பட்டால் எச்சில் விழுங்குவான். பெரிய பெரிய கம்பெனிப் பேர்கள் டயலில் இருந்தாலும் இவர் வைத்த பேர்கள் வேறு. குண்டன், ஊமையன், ராணி, இப்படி. ஒன்பதிலும் உசத்தியானது மாப்பிள்ளை. மெல்லிசு தங்கக் கூடு, பால் நிற டயல், ஆறு மணி இடத்தில் விநாடிக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். வீட்டில் பெண்பிள்ளை இல்லை. "நமக்கு வாய்ச்ச மாப்பிள்ளை இதுதான். தொட்டா கோவம், துடைக்கலைன்னா கோவம்" என்பாள் அவர் சம்சாரம்.

அந்த மாப்பிள்ளைக்குத்தான் வியாதி வந்தது. ஒரு நாளைக்கு இருபத்தேழு நிமிஷம் முன்னால் ஓடினான்.

ஓடவே கூடாத நேரத்தில் ஓடினான். ஏனென்றால் அப்போதுதான் எண்ணெய் போட்டுச் சுத்தம் பண்ணி வந்திருந்தான். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வாட்சும் வாட்ச்காரம்மாவிடம் போகும். ஐம்பது வயசுக்காரி, ரெண்டு ஆள் நின்றால் நிறைந்துவிடும் கடை. பத்தொன்பது வருஷமாக எடைக்காரரின் வாட்சுக்குள் கை வைக்க உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான். அந்த உரிமையும் சும்மா கிடைக்கவில்லை. முதல் அஞ்சு வருஷம், அவள் வேலை முடிக்கிறவரைக்கும் எதிரில் நின்று, கண் கொட்டாமல் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை திருப்பி எடுத்துக்கொண்டு போனபோது அவள் வாட்சை மேஜையில் வைத்து, பக்கத்தில் ஒரு திசைகாட்டியை நகர்த்தினாள். முள் சுற்றிக்கொண்டு வாட்சைப் பார்த்துத் திரும்பியது.

"காந்தம் ஏறியிருக்குங்கய்யா. உள்ளே முடி மாதிரி ஒரு சுருள் கம்பி இருக்குல்ல, காந்தம் பட்டா அதோட சுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கம்பி குட்டையான கணக்கு. அப்ப வாட்ச் வேகமா ஓடும். வீட்ல காந்தம் எங்கயாவது இருக்கா?"

"என் வீட்ல ஏதும்மா காந்தம்."

"ஸ்பீக்கர், போன் கவர், பிரிட்ஜ் கதவு..."

"அது பக்கமே போறதில்ல. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

அவள் ஒரு சின்னப் பெட்டி மேல் வாட்சை வைத்தாள். பொத்தானை அமுக்கிக்கொண்டே மெல்ல வாட்சைத் தூக்கினாள். பிறகு திசைகாட்டியை வைத்தால் முள் அசையவில்லை. நாலு நாள் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். டைமிங் மெஷினில் வைத்துக் காட்டினாள். நாளைக்கு மூணு விநாடி முன்னால். எழுபது வயசு வாட்சுக்கு அது கல்யாணப் பெண் நடை.

எடைக்காரர் வாட்சைக் கைக்குட்டையில் சுற்றி உள்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கையில் கட்ட மாட்டார். பஸ்ஸில் தங்க வாட்ச் கட்டுகிறவன் மடையன் என்பது அவர் கட்சி. கையில் எப்போதும் கறுப்பு பிளாஸ்டிக் வாட்ச்தான், நம்பர் மட்டும் ஒளிரும். தங்கத்துக்கென்று ஒவ்வொரு சட்டையிலும் இடது பக்கம் நெஞ்சோடு ஒட்டி ஒரு ரகசியப் பாக்கெட் சம்சாரம் தைத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து மறுநாள் பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம் முன்னால்.

அவருக்குத் தூக்கம் போயிற்று. கடையில் ஒரு எடை, வீட்டில் ஒரு எடை. அப்படியென்றால் நடுவில் எவனோ இறங்கியிருக்கிறான். வாட்சுக்குள் இறங்குவதற்கு யார் இருக்கிறார்கள்? சாமான்தான். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு, ஏதோ ஓட்டைச் சாமானை மாட்டிவிட்டாள். காந்தம் என்பது கதை.

பத்தொன்பது வருஷம் என்று ஒரு மனசு சொன்னது. பத்தொன்பது வருஷம் ஒழுங்காக எடை போட்டுவிட்டு இருபதாம் வருஷம் தண்ணீர் தொட்டியோடு வந்த லாரி உண்டு என்று இன்னொரு மனசு சொன்னது. ரெண்டாவது மனசுக்குக் குரல் பெரிசு.

ஒரு பொறி வைத்தார். பின்மூடியைக் கீறல் விழாமல் திறக்க அவருக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. சம்சாரத்தின் நகப்பூச்சுப் புட்டியை எடுத்து, ஊசி முனையால் உள்ளே சக்கரங்களை மூடியிருக்கும் தட்டின் ஓரத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். மாற்றினால் புள்ளி போய்விடும். மூடும் முன்னால், வழக்கம்போல் பின்மூடியின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வாட்சைத் திறந்த ஒவ்வொரு ரிப்பேர்காரரும் அங்கே தன் அடையாளத்தை ஊசியால் கீறிவிட்டுப் போவது வழக்கம். வாட்ச்காரம்மாவின் அடையாளம் ஒரு சின்ன ஏணி, பக்கத்தில் தேதி. ஏழு ஏணி இருந்தது. அதற்கெல்லாம் மேலே, யாரோ ஒரு ஆள், எந்தத் தேசமோ, எந்தக் காலமோ, மீன் மாதிரி ஒன்றைக் கீறி வைத்திருந்தான். அந்த மீன் யார் என்று எடைக்காரர் முப்பது வருஷமாக யோசிக்கிறார்.

ரெண்டாம் தடவையும் அவளிடம் எடுத்துக்கொண்டு போனார். மறுபடியும் காந்தம் என்றாள், எடுத்தாள், மூணு நாள் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தார்.

புள்ளி இருந்தது. வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே.

மறுநாள் இருபத்தேழு நிமிஷம்.

வேறு ஆளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். இவர் விடவில்லை. புள்ளி வைத்த தட்டை விட்டுவிட்டு அதற்கு அடியில் இருப்பதை மாற்றிவிட்டாள் என்றார். "புள்ளி இல்லைன்னா திருடி. புள்ளி இருந்தா கெட்டிக்காரத் திருடி. பாவம், அவ எப்படித்தான் தப்பிப்பா?" என்றாள் சம்சாரம்.

அது கொஞ்சம் உறுத்தியது. சரி, காந்தத்தையும் பார்த்துவிடுவோம் என்று ஒரு திசைகாட்டி வாங்கி வந்தார். வீடு முழுக்க ஏந்திக்கொண்டு நடந்தார். பிரிட்ஜ் பக்கம் போனார். முள் அவர் நெஞ்சைப் பார்த்து நின்றது. டிவி பக்கம் போனார். அவர் நெஞ்சைப் பார்த்தது. குளியலறைக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அங்கேயும் முள் சுற்றிக்கொண்டு வந்து அவரையே பார்த்தது.

"வடக்கு எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

"வாசல் பக்கம்."

"இது வடக்கு நான்தான்னு சொல்லுது. போலிச் சரக்கு. கடைக்காரன் தலையில கட்டிட்டான்."

திசைகாட்டி மேஜையில் கிடந்தது. உலகத்தில் ஒரு பொருளும் ஒழுங்காக இல்லை என்பது இன்னும் ஒரு தடவை உறுதியாயிற்று.

இவரைப் போல் வாட்ச் சேர்க்கிறவர்கள் இன்னும் பன்னிரண்டு பேர் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களில் ஒருத்தரான பல் டாக்டரின் கிளினிக்கில் எல்லாரும் கூடுவார்கள். அன்றைக்கு நோயாளிகள் வர மாட்டார்கள். பல் பார்க்கிற நாற்காலியின் பெரிய விளக்கைப் போல் வாட்ச் பார்க்க வெளிச்சம் வேறு எங்கேயும் கிடையாது. வாட்ச்காரம்மாவும் வருவாள், யாராவது திறந்து காட்டச் சொன்னால் திறந்து காட்டுவாள். பன்னிரண்டு பேர் வாட்சும் அவள் கைக்குத்தான் போகும். அவள் கடையில் பாதி வேலை இவர்கள் வேலை.

எடைக்காரர் பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கணும். அந்தம்மாவும் இருக்கணும். ஒரு விஷயம் சொல்லப்போறேன். அப்புறம் அவங்ககிட்ட வாட்சைக் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

"என்னண்ணே, பெரிய விஷயமா?"

"சாமானை மாத்தற விஷயம்."

சாமானை மாற்றினாள் என்று ஒரு தடவை பேச்சு கிளம்பினால் ரிப்பேர்காரருக்கு அதோடு முடிந்தது. உண்மையா பொய்யா என்று யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அது எடைக்காரருக்கும் தெரியும். போனை வைத்த பிறகு வாட்சுகளை எடுத்து வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்விட்டால் ஒன்பது வாட்சையும் இனி யார் திறப்பது என்றுதான் யோசிப்பதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை, வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளையைக் கைக்குட்டையில் சுற்றி உள்பாக்கெட்டில் இறக்கும்போது பாக்கெட்டின் ஒரு பக்கத் தையல் விட்டுப்போய் தொங்கியது.

"இந்தா, இதைப் பாரு."

"கழட்டுங்க, தைச்சுத் தர்றேன்."

"நேரமில்ல. அப்படியே போடு ரெண்டு தையல்."

"அசையாம நில்லுங்க. குத்தினா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

சட்டையின் முன்பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு அவள் ஊசியைக் கொண்டு வந்தாள். பாக்கெட்டுக்கு நாலு விரல்கடை இருக்கும்போது ஊசி அவள் விரலை விட்டுத் துள்ளியது. டக்கென்று பாக்கெட் துணியில் போய் ஒட்டிக்கொண்டது. நூல் வாலாட்டம் தொங்கியது.

ரெண்டு பேரும் பார்த்தார்கள். அவள் ஊசியைப் பிய்த்து எடுத்தாள். விரலைத் தளர்த்தினாள். மறுபடியும் டக்.

"ஏங்க, உங்க நெஞ்சு என் ஊசியை இழுக்குது. கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான்."

எடைக்காரர் சிரிக்கவில்லை. பாக்கெட்டில் கை விட்டார். கைக்குட்டைக்குள் மாப்பிள்ளை. அவனை ஒட்டிக்கொண்டு, வெள்ளை பிளாஸ்டிக் மூடிய, பெரிய பட்டன் அளவு வில்லை ஒன்று.

"இது என்ன?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் வீட்டு அலமாரியைச் சரிபண்ண வந்த தச்சன், வாட்ச் இருக்கிற டிராயரை ஒரு பார்வை பார்த்தான். அது பிடிக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து டிராயருக்கு உள்பக்கம் தானே மாட்டினார். வெளியே சாவித் துவாரம் கிடையாது, பூட்டு இருப்பதே தெரியாது. இந்த வில்லையைச் சரியான இடத்தில் வெளியிலிருந்து வைத்தால் உள்ளே கொக்கி நழுவும். ஆபீஸ் கதவில் காட்டுகிற கார்டு மாதிரி ஏதோ மின்சார வேலை என்று நினைத்துக்கொண்டார். கடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் நமக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. சம்சாரத்திடம் கூடச் சொல்லாமல், ராத்திரி பகல் உள்பாக்கெட்டிலேயே வைத்திருந்தார்.

வில்லையை வெளியே எடுத்து மேஜையில் கிடந்த போலித் திசைகாட்டியிடம் காட்டினார். முள் தலைகால் தெரியாமல் ஆடியது. வில்லையைச் சம்சாரத்திடம் கொடுத்து அடுத்த அறைக்குப் போகச் சொன்னார். முள் நிதானமாகத் திரும்பி வாசலைக் காட்டி நின்றது. வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோனார். வாட்சைப் பார்த்துத் திரும்பியது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடையிலிருந்து வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை இந்த வில்லையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். நடுவில் எவனோ இறங்கியிருக்கிறான் என்றாரே, யாரும் இறங்கவில்லை. ஒருத்தன் ஏறியிருந்தான், அவன் இவர் பாக்கெட்டிலேயே இருந்தான். முப்பத்தைந்து வருஷம் ஊரில் உள்ள டிரைவரையெல்லாம் இறக்கிவிட்டு எடை போட்டவர், இந்த ஒரு எடைக்குத் தான் இறங்க மறந்துவிட்டார்.

"தோள்ல ஆட்டைப் போட்டுக்கிட்டுக் காடெல்லாம் தேடின கதை" என்றாள் சம்சாரம் அடுத்த அறையிலிருந்து. "வயித்து வலின்னு டாக்டருக்குப் போன் பண்ணிடுங்க. போகாதீங்க."

"போகலைன்னா சும்மா விடுவாங்களா? சாமான்னு ஒரு வார்த்தை விட்டுட்டேன். அது அங்கே போய் உக்காந்திருக்கும்."

"அப்ப போங்க. ஆனா பூட்டு விஷயத்தையும் சொல்லணுமே."

அதுதான் இடித்தது. டிராயர் எங்கே, பூட்டு எப்படி, எதனால் திறக்கும் என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொல்ல வேண்டும். தன் நிழலையே ரெண்டு தடவை எண்ணிப் பார்க்கிற மனுஷனுக்கு அது சட்டையைக் கழற்றிக்கொண்டு தெருவில் நிற்கிற மாதிரி. வாட்சை ஒரு பாக்கெட்டிலும் வில்லையை ஒரு பையிலுமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையைக் கையை நீட்டித் தூரமாகவே பிடித்துக்கொண்டு போனார். பஸ்ஸில் ஒரு ஆள், "பாம்பா?" என்று கேட்டான்.

கிளினிக்கில் எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கமான சலசலப்பு இல்லை. வாட்ச்காரம்மா சுவரோரம் தன் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலிகள் ரெண்டும் காலி. அதைப் பார்த்ததும் எடைக்காரருக்கு வார்த்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது.

"சொல்லுங்கண்ணே. சாமான் மாத்தற விஷயம்னீங்க" என்றார் பல் டாக்டர்.

எடைக்காரருக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. விளக்குக்கு அடியில் இருந்த தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பல் குத்துகிற கொக்கிகள், சின்னக் கண்ணாடி, இடுக்கி எல்லாம் அதில் வரிசையாகக் கிடந்தன. பையிலிருந்து வில்லையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

சடசடவென்று அத்தனை கருவியும் அதன் மேல் பாய்ந்து விழுந்தன. முள்ளம்பன்றி மாதிரி ஒரு உருண்டை ஆயிற்று. மறுநொடியே இருபத்துநாலு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. பன்னிரண்டு பேரும் சுவர் வரைக்கும் பின்வாங்கினார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேர் மணிக்கட்டிலும் சுருள் கம்பி இருந்தது.

"யாரும் எதையும் மாத்தல" என்றார் எடைக்காரர். "என் டிராயர்ல சாவித் துவாரம் இல்லாத ஒரு பூட்டு போட்டேன். இதுதான் சாவி. இது காந்தம்னு எனக்குத் தெரியல. வாட்சையும் இதையும் ஒரே பாக்கெட்ல போட்டுக்கிட்டு அலைஞ்சேன். அந்தம்மா காந்தம் காந்தம்னு தலையால அடிச்சுக்கிட்டாங்க. நான் திருட்டுன்னு நினைச்சேன். நினைச்சதோட இல்லாம டாக்டர்கிட்டச் சொல்லவும் சொன்னேன். தப்பு என்னோடது."

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு" என்றார் பல் டாக்டர். அவர் குரலில் சிரிப்பைவிட நிம்மதிதான் அதிகம். "அண்ணே, என் சாமானை எப்படி இதுலேருந்து பிய்க்கிறது?"

"பூட்டு எந்தப் பக்கம் மாட்டியிருக்கீங்க?" என்று சுவரோரம் நின்ற ஒருத்தர் ஆர்வமாகக் கேட்டார்.

எடைக்காரர் அவரை முறைத்தார். பிறகு, "இடது பக்கம், மேல" என்றார். சொல்லும்போது பல் பிடுங்கின முகம்.

வாட்ச்காரம்மா வில்லையைக் கருவியோடு சேர்த்துத் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள். கையை நீட்டினாள். மாப்பிள்ளையை வாங்கி, தன் குட்டிப் பெட்டியின் மேல் வைத்துக் காந்தம் எடுத்தாள். பிறகு பின்மூடியைத் திறந்து, விளக்கைக் கீழே இழுத்தாள். கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"இந்தச் சிவப்புப் புள்ளியைத் துடைச்சுடவா?"

எடைக்காரருக்குக் காது சுட்டது. "எப்ப பார்த்த?"

"போன தடவையே. நகப்பூச்சு. நீங்க போடறதில்லையே, அதனால அம்மாவோடதுன்னு நினைச்சேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"அஞ்சு வருஷம் என் விரலையே பார்த்துக்கிட்டு நின்னவர்தானே நீங்க. புள்ளி ஒண்ணுதான் புதுசு." அவள் நிமிராமலே பேசினாள். "கோவம் வந்துச்சு. வராம இருக்குமா? ஆனா வாட்ச் ஏன் ஓடுதுன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. அது தெரிஞ்சப்புறம் சண்டை போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"இப்ப போடு."

"இப்ப எங்கேங்கய்யா. நீங்களே எல்லாத்தையும் போட்டுக்கிட்டீங்க."

அவள் ஊசியை எடுத்தாள். பின்மூடியில் இன்னொரு ஏணியைக் கீறி, தேதி போட்டாள். எடைக்காரர் தன் கண்ணாடியை எடுத்து எட்டிப் பார்த்தார். மேலே அந்த மீன். கீழே ஏணிகள்.

"புள்ளியால வாட்சுக்குக் கெடுதலா?"

"ஓரத்துல இருக்கு. ஒண்ணும் பண்ணாது."

"அப்ப இருக்கட்டும். இன்னும் அம்பது வருஷம் கழிச்சு எவனாவது திறந்து பார்த்து, இது யார்றான்னு மண்டையை உடைச்சுக்கட்டும்."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். மூடியை அமுக்கினாள். க்ளிக்.

கூட்டம் முடிகிறவரைக்கும் எடைக்காரர் அவள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருத்தராக வந்து வாட்சை நீட்டினார்கள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை நாளைக்கு மூணு விநாடிதான் முன்னால் போகிறான். ஆனால் வில்லையை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு சிக்கல் வந்தது. எடைக்காரர் உடம்பில் எந்தப் பாக்கெட்டும் ஆகாது. டிராயர் பக்கமும் ஆகாது. வீட்டில் மிச்சம் இருக்கிறது ஒரு ஆள்தான். சம்சாரம் அதைத் தன் தையல் டப்பாவில் போட்டுக்கொண்டாள். இப்போது அவளிடம் ஒரு ஊசி கூடத் தொலைவதில்லை.

"வில்லையைக் குடு. டிராயரைத் திறக்கணும்" என்று மறுநாள் போய் நின்றார்.

அவள் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். ராணியைத் துடைப்பதற்காக முந்தின நாளே எடுத்திருந்தார், திரும்ப வைப்பதற்காக அது கையிலேயே இருந்தது.

"முதல்ல டிரைவரை இறக்குங்க" என்றாள்.

எடைக்காரர் போய், ராணியை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்து நின்றார்.